புனல் தந்த மின்விசையும் பாணன் பெற்ற பரிசிலும்

புரவலனைப் பாடிப் பரிசில் பெறுவது பழந்தமிழ்ப் பாணர்தம் வாழ்வு. ஆயினும் அம்மரபில் புகழ்ச்சி ஒன்றே பாட்டாக அமைந்ததில்லை. கொடையையும் வெற்றியையும் பாடிய புலவரே, செவியறிவுறூஉ என்னும் துறையில் அரசனுக்கு அவன் கடமையை எடுத்துரைத்தனர்; கையறுநிலையில் இழப்பை எண்ணி அரற்றினர். புகழ்தல், அறிவுறுத்தல், இரங்கல் என்னும் மூன்றும் சேர்ந்த பின்னரே ஓர் ஆட்சியின் வரலாறு பாட்டில் முழுமை பெற்றது.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க நாட்டு அரசு மின்வாரியம் ஒன்று ஒரு பாடகனை மாதச் சம்பளத்திற்கு அமர்த்தி, ஓர் ஆற்றையும் அதன்மீது எழுந்த அணைகளையும் பாடச் செய்தது. ஆறு கொலம்பியா. வாரியம் போனவில் மின் நிருவாகம். பாடகன் வுடி கத்ரி. அம்மாதத்தில் பிறந்த பாடல்கள் புகழ்பெற்றன. எனினும் அந்த ஆற்றின் வரலாறு அப்பாடல்களுள் அடங்கிவிடவில்லை. அவற்றில் இடம்பெறாத குரல்களையும் சேர்த்துக் கேட்கும்போதுதான், பொதுமக்களுக்கு உரிய மின்சாரம் என்னும் உயரிய கொள்கை எங்கே வென்றது, எங்கே வழுவியது என்பது விளங்கும்.

ஆறும் அதன் மக்களும்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில், ராக்கி மலைகளை அடுத்த ஏரி ஒன்றில் கொலம்பியா பிறக்கிறது. முதலில் வடமேற்காக ஓடிப் பின்னர் தெற்கே திரும்பி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துள் புகுகிறது. அதன்பின் வாஷிங்டனுக்கும் ஆரிகனுக்கும் எல்லையாக மேற்கு நோக்கிச் சென்று, ஆஸ்டோரியா நகருக்கு அருகே பசிபிக் பெருங்கடலில் கலக்கிறது. இதன் நீளம் சுமார் 2,000 கிலோமீட்டர். வட அமெரிக்காவிலிருந்து பசிபிக்கில் விழும் ஆறுகளுள் நீர்ப்பெருக்கில் இதுவே முதலாவது. 800 மீட்டருக்கும் மேலான உயரத்தில் தோன்றி மலைகளைப் பிளந்து இறங்குவதால், இதன் ஒவ்வொரு வீழ்ச்சியிலும் பொறியாளர் கண்ணுக்கு மின்விசை தென்பட்டது.

அதே வீழ்ச்சிகள் பழங்குடி மக்களின் கண்ணுக்கு உணவாகத் தென்பட்டன. சால்மன் மீன் நன்னீர் ஓடையில் பிறந்து, கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் தான் பிறந்த ஓடையையே நாடித் திரும்பும். நீரை எதிர்த்து அது துள்ளி ஏறும் இடங்களில் பாறைகளின்மீது மரமேடை கட்டி, நீண்ட கழியில் பொருத்திய வலையால் மக்கள் அதைப் பிடித்தனர். கெட்டில் அருவியும் செலைலோ அருவியும் அத்தகைய பெருந்துறைகள். செலைலோவில் இத்தொழில் பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நடைபெற்று வந்தது. 1855இல் யாக்கிமா, யுமட்டிலா, வார்ம் ஸ்பிரிங்ஸ், நெஸ் பெர்ஸ் ஆகிய குடியினர் பெருநிலத்தை விட்டுக்கொடுத்து அமெரிக்க அரசுடன் உடன்படிக்கை செய்துகொண்டபோதும், தாம் வழக்கமாக மீன்பிடிக்கும் இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. இந்த உரிமை பின்வரும் வரலாறு முழுவதும் நிழல்போல் தொடர்கிறது.

மின்விசை யாருக்கு உரியது?

1930களின் தொடக்கத்தில் அமெரிக்க நகர வீடுகளில் பத்துக்கு ஒன்பது மின்விளக்கால் ஒளிர்ந்தன. பண்ணை வீடுகளிலோ பத்தில் ஒன்றே அப்பேறு பெற்றிருந்தது. ஒரு மைல் தூரத்துக்குக் கம்பி இழுத்தாலும் இரண்டு மூன்று வீடுகளே கிடைக்கும் சிற்றூர்களில் தனியார் குழுமங்களுக்கு ஆதாயம் இல்லை. எனவே கிணற்றிலிருந்து நீர் இறைத்தல், துணி துவைத்தல், பால் கறத்தல் ஆகிய யாவும் உழவர் வீட்டுப் பெண்களின் கைவலியாகவே நீடித்தன.

இந்நிலையை மாற்ற முதலில் முனைந்தோர் உழவர்களே. கிரேஞ்ச் என்னும் உழவர் அமைப்பு முன்மொழிந்த சட்டத்தை 1930 நவம்பரில் வாஷிங்டன் மாநில வாக்காளர்கள் நிறைவேற்றினர். தம்மவரைத் தாமே ஆணையாளராகத் தேர்ந்தெடுத்து, ஊரகப் பகுதியினர் சொந்தமாக மின்வாரியம் நடத்த அச்சட்டம் வழிவகுத்தது. நகரங்களில் இவ்வழக்கம் முன்னரே இருந்தது. டக்கோமா நகராட்சி 1893 முதல் தானே மின்சாரம் வழங்கி வந்தது. சியாட்டில் நகர மின்துறையை ஜே. டி. ராஸ் 1911இலிருந்து தலைமையேற்று நடத்தி, நகராட்சியாலும் மலிவாக மின்சாரம் தர இயலும் என்று மெய்ப்பித்திருந்தார்.

1932 செப்டம்பர் 21 அன்று போர்ட்லாந்து நகரில், குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் உரையாற்றினார். தனியார் கட்டணம் நியாயமானதா என்று அளந்தறிய அரசு மின்நிலையங்களே அளவுகோலாக அமையும் என்பது அவ்வுரையின் சாரம். நடுவணரசு அடுத்து மேற்கொள்ளும் பெரும் நீர்மின் பணி கொலம்பியா ஆற்றில் நடைபெறும் என்றும் அவர் வாக்களித்தார். அவ்வாக்கு காப்பாற்றப்பட்டது. 1933இல் போனவில் அணை, கிராண்ட் கூலி அணை ஆகிய இரண்டின் பணிகளும் தொடங்கின.

அதே 1933 மே மாதத்தில், நாட்டின் தென்கிழக்கில் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் உருவாயிற்று. அணை, வெள்ளத் தடுப்பு, படகுப் போக்குவரத்து, மின்சாரம், மண்வளம் ஆகிய அனைத்தையும் ஒரே அமைப்பின் பொறுப்பில் வைத்து, ஓர் ஆற்றுப்படுகையை ஒரே உடலாகக் கருதியது அந்த ஆணையம். கொலம்பியாவுக்கும் அவ்வாறு ஓர் ஆணையம் வேண்டும் என்ற குரல் பலமுறை எழுந்தது. குடியரசுத் தலைவர் ட்ரூமன் 1949இல் நாடாளுமன்றத்தை வேண்டிய பின்னும் அது கைகூடவில்லை. போனவில் அணையை இராணுவப் பொறியாளர் படை கட்டியது. கிராண்ட் கூலியை நிலமீட்புத் துறை கட்டியது. போனவில் அணையின் மின்சாரத்தை விற்பதற்கென 1937 ஆகஸ்டு 20இல் கையெழுத்தான சட்டத்தால் மற்றோர் அமைப்பு பிறந்தது; கிராண்ட் கூலியின் மின்சாரத்தை விற்கும் பொறுப்பும் பின்னர் அதனிடமே வந்தது. அதுவே போனவில் மின் நிருவாகம். கட்டுவோர் ஒருவர், விற்போர் ஒருவர் என்றானபின், ஆற்றை முழுமையாகப் பார்க்கும் பொறுப்பு எவரிடமும் இல்லாது போயிற்று.

எனினும் அந்த 1937ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பெருமை உண்டு. மின்சாரம் வழங்குவதில் பொது அமைப்புகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் முன்னுரிமை அளிக்க வேண்டும் என்று அது விதித்தது. முதல் நிருவாகியாக அமர்ந்தவர் சியாட்டிலின் ஜே. டி. ராஸ். ஓர் அஞ்சல்தலை எவ்வளவு தொலைவுக்கும் ஒரே விலையில் கடிதத்தைக் கொண்டுசெல்வதுபோல, அணைக்கு அருகில் உள்ளவர்க்கும் தொலைவில் உள்ளவர்க்கும் மின்சாரம் ஒரே விலையில் கிடைக்கவேண்டும் என்று அவர் முடிவு செய்தார். ஆண்டுக்குக் கிலோவாட்டுக்கு 17.50 டாலர் என்பது அவ்விலை. அணையடியில் தொழிற்சாலைகள் குவியாமல் மின்சாரம் சிற்றூர்களைத் தேடிச் செல்வதற்கு இவ்விலைமுறை துணைநின்றது. ராஸ் 1939இல் மறைந்தார். அவர் வகுத்த முறை நிலைத்தது.

பாணனின் ஒரு மாதம்

அணை எழுந்தாலும் எதிர்ப்பு ஓயவில்லை. இத்தனை மின்சாரத்தை வாங்குவோர் யார் என்று ஏளனம் செய்தோர் பலர். மாவட்டந்தோறும் மக்கள் மின்வாரியம் அமைப்பதற்கான வாக்கெடுப்புகளில் தனியார் குழுமங்கள் கடுமையாக எதிர்த்து நின்றன. மக்களிடம் தன் கருத்தைக் கொண்டுசெல்லத் திரைப்படம் ஒன்றை எடுக்க விரும்பிய போனவில் நிருவாகம், அதற்குப் பாடல் எழுத வுடி கத்ரியை அழைத்தது.

கத்ரி 1912இல் ஓக்லகோமாவில் பிறந்தவர். 1930களில் வறட்சியும் புழுதிப் புயலும் அச்சமவெளியைப் பாழாக்கியபோது நிலமிழந்து மேற்கே பெயர்ந்த உழவர்களோடு தாமும் பெயர்ந்து, அவர்தம் துயரைக் கித்தாரில் பாடியவர். 1941 மே மாதத்தில் அவர் மனைவி மக்களோடு போர்ட்லாந்து வந்து சேர்ந்தார். ஒரு மாதப் பணி. சம்பளம் 266 டாலர் 66 சென்ட். வாரியத்தின் வண்டியில் ஆற்றங்கரை நெடுகச் சென்று அணைகளையும் பழத்தோட்டங்களையும் வறண்ட மேட்டு நிலங்களையும் கண்டார். முப்பது நாளில் 26 பாடல்கள் எழுதினார்.

கூலிக்குப் பாடிய பாட்டு எனினும் அது பொய்ப்பாட்டு அன்று. ஊரிழந்து அலைந்த தம் மக்களுக்குக் கிராண்ட் கூலியின் நீர் பாயும் புதுநிலம் கிடைக்கும் என்று கத்ரி உண்மையாகவே நம்பினார். அணைக்கட்டுத் தொழிலாளியின் உழைப்பும், வெளிச்சம் காணும் குடிசையின் மகிழ்ச்சியும் அப்பாடல்களில் நெஞ்சார ஒலிக்கின்றன. அவற்றுள் ‘ரோல் ஆன் கொலம்பியா’ என்பது 1987இல் வாஷிங்டன் மாநிலத்தின் அதிகாரமுறை நாட்டார் பாடலாக அறிவிக்கப்பட்டது. சிதறிக் கிடந்த பிற பாடல்களை 1980களில் அவ்வாரியத்தின் ஊழியர் ஒருவரே தேடித் தொகுத்தமையால் 26 பாடல்களும் நூலாயின.

ஆயினும் ‘ரோல் ஆன் கொலம்பியா’ பாடலின் முதல் வடிவில், பழங்குடியினரைப் போர்வீரர் முறியடித்ததை வெற்றியாகக் கொண்டாடும் அடிகளும் உள்ளன. பிற்காலத்தில் பாடுவோர் பலரும் அவற்றை விட்டுவிட்டே பாடினர். ஏழைகளுக்காகவே பாடிய கவிஞன் ஒருவன், தன் காலுக்கு அருகில் நின்ற மற்றோர் ஏழையைக் காணத் தவறிய இடம் அது.

கண்ணீர்ச் சடங்கு

கத்ரி வருவதற்கு ஓராண்டு முன்னரே, 1940 ஜூனில், கெட்டில் அருவிக்கரையில் பழங்குடியினர் பல திசைகளிலிருந்தும் கூடினர். கிராண்ட் கூலி அணையின் பின்னே தேங்கத் தொடங்கிய நீர் அருவியை மூழ்கடிக்கவிருந்தது. மூன்று நாள் அங்கே தங்கி அருவிக்கும் மீனுக்கும் விடைகொடுத்தனர். அந்நிகழ்ச்சி வரலாற்றில் கண்ணீர்ச் சடங்கு என்று பெயர்பெற்றது. தமிழ் மரபில் இதற்குப் பெயர் கையறுநிலை. அதைப் பாடுவதற்கு எந்த வாரியமும் சம்பளம் தரவில்லை.

போனவில் அணையில் மீன்கள் ஏறிச்செல்லப் படிவழி அமைத்திருந்தனர். 168 மீட்டர் உயரமும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளமும் கொண்ட கிராண்ட் கூலியில் அத்தகைய வழி எதுவும் அமைக்கப்படவில்லை. அதற்கு மேலே ஆயிரம் மைலுக்கும் மேற்பட்ட முட்டையிடு நீர்நிலைகள் சால்மனுக்கு ஒரேயடியாக அடைபட்டன. நீர்த்தேக்கம் சுமார் 240 கிலோமீட்டர் நீண்டது, ஊர்கள் இடம்பெயர்ந்தன, ஆயிரத்துக்கும் மேற்பட்ட முன்னோர் கல்லறைகள் தோண்டி மாற்றப்பட்டன. அந்தத் தேக்கத்திற்கு ரூஸ்வெல்ட்டின் பெயர் சூட்டப்பட்டது.

பதினேழு ஆண்டுகள் கழித்துச் செலைலோவின் முறை வந்தது. 1957 மார்ச் 10 அன்று டாலஸ் அணையின் மதகுகள் மூடப்பட்டன. சில மணி நேரத்தில் அருவியின் முழக்கம் அடங்கிற்று. செலைலோவின் முதுபெருந்தலைவர் டாமி தாம்சன் இவ்வணையை இறுதிவரை எதிர்த்து நின்றவர்; 1959இல் அவர் மறைந்தார். 2008இல் இராணுவப் பொறியாளர் படையினர் ஒலியலைக் கருவியால் ஆற்றின் அடிப்பகுதியை ஆய்ந்தபோது, பாறைகளும் ஓடைவழிகளும் 1940களின் ஒளிப்படங்களில் உள்ளவாறே நீரடியில் இருக்கக் காணப்பட்டன. அருவி அழியவில்லை, அதன் ஓசையே அழிந்தது.

போரும் வெள்ளமும்

வாங்குவோர் யார் என்ற ஏளனத்துக்கு விடை உலகப் போரிலிருந்து வந்தது. 1941 மார்ச்சில் கிராண்ட் கூலி மின்சாரம் தரத் தொடங்கியது. விமானங்களுக்கான அலுமினிய ஆலைகள் கொலம்பியா வெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1943இல் ஆற்றங்கரையின் ஹான்ஃபோர்டு, ஒயிட் பிளஃப்ஸ் ஆகிய ஊர்களின் மக்கள் வெளியேற்றப்பட்டு, அங்கே கமுக்கமாக அணு உலைகள் எழுந்தன. அணைகளின் மின்சாரம் அவற்றை இயக்கிற்று. ஆற்றுநீர் அவற்றைக் குளிர்வித்தது. அங்கு உருவாக்கிய புளூட்டோனியமே 1945 ஆகஸ்டு 9இல் நாகசாகியை அழித்த குண்டில் இருந்தது. குடிசைக்கு ஒளி என்று பாடப்பட்ட மின்விசை முதலில் சென்றது போர்க்களத்திற்கு. உழவனுக்கு வாக்களித்த பாசனநீர் பெருமளவில் வரப் பத்தாண்டு ஆயிற்று. திட்டமிட்ட பத்து லட்சம் ஏக்கரில் மூன்றில் இரண்டு பங்களவே நீர் பெற்றது.

அணைகள் இரண்டு எழுந்தும் ஆறு அடங்கிவிடவில்லை. 1948 மே 30இல் பெருகிய வெள்ளம் போர்ட்லாந்தை அடுத்த வேன்போர்ட் நகரின் கரையை உடைத்தது. போர்க்காலக் கப்பல்கட்டும் தொழிலாளருக்காக எழுந்த அந்நகரில் அன்று சுமார் 18,500 பேர் வாழ்ந்தனர். அவருள் மூன்றில் ஒருவர் கறுப்பின மக்கள். கரை பாதுகாப்பாக உள்ளது என்று அன்று காலைவரை அதிகாரிகள் அவர்களுக்கு உறுதி கூறியிருந்தனர். 15 பேர் மாண்டனர், நகரமே இல்லாதொழிந்தது.

இவ்வெள்ளத்தின் பின்விளைவாக அமெரிக்காவும் கனடாவும் 1961 ஜனவரி 17இல் கொலம்பியா ஆற்று உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அது 1964இல் நடைமுறைக்கு வந்தது. கனடாவில் மூன்று தேக்கங்கள் கட்டி வெள்ளத்தைத் தடுப்பது. அதனால் கீழே அமெரிக்க அணைகளில் கூடுதலாகக் கிடைக்கும் மின்சாரத்தில் பாதியைக் கனடாவுக்கு அளிப்பது என்பது ஒப்பந்தம். ஆற்றின் பயனை எல்லை கடந்து கணக்கிட்டுப் பகிர்ந்த முறையில் இவ்வுடன்படிக்கை போற்றத்தக்கது. முதல் முப்பதாண்டுப் பங்கைக் கனடா 25.4 கோடி டாலருக்கு அமெரிக்காவிடமே விற்றது. அந்தக் கணக்கில் மீன் இடம்பெறவில்லை, பழங்குடியினரும் இடம்பெறவில்லை. தேக்கங்களால் இருபதாயிரம் அல்ல, இரண்டாயிரத்துச் சொச்சம் பேரே இடம்பெயர்ந்தனர் என்று சிறுமைப்படுத்தலாம். ஆனால் பெயர்ந்தவர்க்கு அது முழு உலகம். மேற்கரையின் சினிக்ஸ்ட் குடியை 1956இலேயே அழிந்துபோன இனம் என்று கனடா அரசு அறிவித்திருந்தது. அம்மக்களின் வழித்தோன்றல்களுக்கு உரிமை உண்டு என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2021இல்.

பொதுத்துறையின் தடுமாற்றம்

தனியாரின் பேராசை குறித்துப் பேசி எழுந்த மக்கள் மின்வாரியங்களும் ஒருகால் வழுக்கி விழுந்தன. மின்தேவை இரட்டித்துக்கொண்டே செல்லும் என்ற கணிப்பை நம்பி, வாஷிங்டன் மாநிலப் பொது மின்வாரியங்களின் கூட்டமைப்பு 1970களில் ஐந்து அணு மின்நிலையங்களைக் கட்ட முற்பட்டது. செலவு பன்மடங்கு பெருகியது. தேவையோ கணித்தவாறு பெருகவில்லை. 1983இல் நான்காம் ஐந்தாம் நிலையங்களுக்காக வெளியிட்ட 225 கோடி டாலர் கடன்பத்திரங்களுக்குப் பணம் தர இயலாமல் கூட்டமைப்பு கைவிரித்தது. அமெரிக்க உள்ளாட்சிக் கடன் வரலாற்றில் அதுவரை காணாத பெருமுறிவு அது. ஐந்தில் ஒன்றே முற்றுப்பெற்று இயங்கியது. உரிமை மக்களுடையதாக இருப்பது மட்டும் போதாது, கணக்கும் மக்கள் முன் திறந்திருக்க வேண்டும் என்பதை வடமேற்கு மாநிலத்தார் மின்கட்டணச் சீட்டின் வழியே கற்றனர்.

இதனிடையே 1980இல் நிறைவேறிய வடமேற்கு மின்சாரச் சட்டம், வாஷிங்டன், ஆரிகன், ஐடஹோ, மான்டானா ஆகிய நான்கு மாநிலங்களின் மன்றம் ஒன்றை ஏற்படுத்தியது. மின்சாரத்துக்கு ஈடாக மீனுக்கும் வனவுயிர்க்கும் உரிய மதிப்பளிக்க வேண்டும் என்று அது விதித்தது. 1937இல் எழுந்திருக்க வேண்டிய கேள்வி 43 ஆண்டு தாழ்ந்து சட்டமாயிற்று. தாழ்ந்ததன் விலை பெரிது. 1991இல் பாம்பாறு எனப் பொருள்படும் ஸ்நேக் கிளையாற்றின் சாக்கை வகைச் சால்மன் அழிநிலை உயிராக அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டில் எட்டு அணைகளைக் கடந்து ஐடஹோவின் ரெட்ஃபிஷ் ஏரிக்குத் திரும்பிய சாக்கை மீன் ஒன்றே ஒன்று.

பிந்திக் கேட்ட குரல்

நிலம் மூழ்கியதற்கான இழப்பீட்டைக் கோரிக் கோல்வில் கூட்டுக்குடியினர் நெடுங்காலம் போராடினர். 1994இல்தான் 5.3 கோடி டாலரும், கிராண்ட் கூலி மின்வருவாயில் ஆண்டுதோறும் ஒரு பங்கும் அவர்களுக்கு உறுதியாயின. ஆற்றின் மறுகரையில் அதே தேக்கத்தால் நிலமிழந்த ஸ்போக்கேன் குடியினர் அதற்கொத்த சட்டத்தைப் பெற 2019 வரை காத்திருக்க நேர்ந்தது. 1995இல் பிரிட்டிஷ் கொலம்பியா அரசு, உடன்படிக்கையால் பாதிப்புற்ற பகுதி மக்களுக்கென அறக்கட்டளை ஒன்றை நிறுவி வருவாயில் பங்களித்தது. 2023 செப்டம்பரில், கிராண்ட் கூலிக்கு மேலே சால்மனை மீண்டும் குடியேற்றும் முயற்சிக்காக இருபது ஆண்டுகளில் 20 கோடி டாலர் தருவதாகப் போனவில் நிருவாகம் அப்பகுதிப் பழங்குடியினரோடு உடன்பாடு செய்துகொண்டது. 266 டாலருக்குப் புகழ்ப்பாட்டு வாங்கிய அதே வாரியம், பாடப்படாத இரங்கலுக்குச் செவிசாய்க்க 82 ஆண்டுகள் ஆயின.

இவ்வரலாற்றைக் கொண்டு அணைகளெல்லாம் தீமை என்று முடிவுகட்டுவது நேர்மையாகாது. விளக்கில்லாப் பண்ணை வீட்டுக்கு ஒளி வந்தது உண்மை. ஆதாயமே குறியாக இருந்தோர் கையிலிருந்து மின்சாரம் பொதுவுரிமையானது உண்மை. அதைப் பாடிய கவிஞனின் உள்ளமும் உண்மை. பொது என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்று தொடக்கத்தில் எவரும் வினவவில்லை என்பதே பிழை. சியாட்டில் குடிமகன் அடங்கினான், உழவன் அடங்கினான், செலைலோவில் வலை வீசியவன் அடங்கவில்லை.

அவ்வினாவை முதலில் எழுப்ப வேண்டியவர் பொறியாளர் அல்லர், கணக்கரும் அல்லர். செவியறிவுறூஉ என்னும் துறையை வகுத்த மரபினர்க்கு அது எவர் கடமை என்று சொல்ல வேண்டுவதில்லை. பாடாண் பாட்டுக்குப் பரிசில் கிடைக்கும். கையறுநிலைக்குக் கண்ணீரே கிடைக்கும். செவியறிவுறூஉவுக்குச் சில வேளைகளில் சினமும் கிடைக்கும். கொலம்பியாவின் கரையில் முதலாவது இருந்தது, இரண்டாவது ஒதுங்கி நின்றது, மூன்றாவது நெடுங்காலம் பிறக்கவே இல்லை. புலவர் மூன்றையும் பாடும் நாட்டில்தான் ஆறு எல்லார்க்கும் உரியதாகும்.